அப்பத்தாவுக்கு வாஷிங் மெஷின்: தோட்டத்துப் பிள்ளைகள் கூட்டாகச் சேர்க்கும் பணத்துக்கு யார் பொறுப்பு?

காங்கேயத்துக்காரி எழுதியது:

எங்கள் தோட்டத்தில் நான்கு பிள்ளைகள். பெரிய அண்ணனுக்கு ஒரு மகனும் ஒரு மகளும், சின்ன அண்ணனுக்கு ஒரு மகன், விடுமுறை விட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும் என் மகள். மூத்தவனுக்குப் பதினான்கு வயது, கடைக்குட்டிக்கு ஏழு. சென்ற கோடையில் நால்வரும் கூடிப் பேசி, அப்பத்தாவுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கித் தருவது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்பத்தாவுக்கு, அதாவது எங்கள் அம்மாவுக்கு, மணிக்கட்டு வீங்கி, ஈர வேட்டியைப் பிழிய முடியாமல் ஒரு முனையைக் குழாயில் சுற்றிக்கொண்டு முறுக்குவதைப் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்கள் நாங்களும் தினமும் பார்த்தோம். முதலில் பேசியவர்கள் பிள்ளைகள்தாம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்றால், கோடையில் கொறங்காட்டில் (எங்கள் மேய்ச்சல் நிலத்தில்) வெள்வேல மரத்துக் காய்களைப் பொறுக்கி, செம்மறி வைத்திருப்பவர்களுக்குத் தீவனமாக விற்கிறார்கள். ஆனி, ஆடியில் வேப்பங்கொட்டை. வீட்டில் சேரும் தேங்காய்த் தொட்டிகளை (சிரட்டைகளை)க் கரி போடுபவர்கள் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு நாட்டுக்கோழிகளைப் பிள்ளைகள் பெயரிலேயே விட்டிருக்கிறோம், முட்டைக் காசு அவர்களுக்கு. எல்லாவற்றையும் ஒரு பழைய நோட்டில் எழுதுகிறார்கள். தேதி, பொருள், எடை, யார் யார் வந்தார்கள், எவ்வளவு கிடைத்தது என்று ஐந்து பத்திகள். பணம் அப்பத்தாவின் இரும்புப் பெட்டியில், தனித் தூக்குவாளியில் இருக்கிறது.

இப்போது மூன்று பக்கமும் சிக்கல். மூத்தவன் துறட்டி போட்டு உலுக்குவதும் சைக்கிளில் மூட்டை கட்டிப் போவதும் தானே என்பதால் தன் பங்கு அதிகம் என்கிறான். சின்ன அண்ணனோ, "நாளைக்கே தவணையில் எடுத்துப் போட்டுவிடுகிறேன், பிள்ளைகள் காசைப் பிள்ளைகளே வைத்துக்கொள்ளட்டும்" என்கிறார். பெரிய அண்ணன் மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்க அந்தத் தூக்குவாளியில் கைவைத்துவிட்டார். திருப்பித் தருகிறேன் என்றிருக்கிறார்.

உங்கள் வீடுகளில் இப்படிச் சேர்த்து வாங்கியதுண்டா? எப்படிச் சமாளித்தீர்கள்?

கணக்கப்பிள்ளை எழுதியது:

பால் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பிள்ளைகளின் ஐந்து பத்தி நோட்டு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதில் ஆறாவதாக ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்: "இருப்பு". ஒவ்வொரு வரியிலும் அன்றைய மொத்த இருப்பு தெரிய வேண்டும். எழுதுகிறவர் ஒருவர், பணத்தை எண்ணுகிறவர் வேறொருவர். கடைக்குட்டிக்கு ஏழு வயது என்கிறீர்கள், எண்ணத் தெரியும். அவளிடமோ அவனிடமோ எண்ணும் வேலையைக் கொடுங்கள்.

மூத்தவனின் பங்குக் கேள்வி நியாயமான கேள்வி. அதட்டி அடக்கிவிடாதீர்கள். சங்கத்தில் ஒவ்வொருவர் பாலையும் அளந்து, கொழுப்பும் பிற சத்தும் பார்த்து விலை போடுகிறோம், ஏனென்றால் அந்தப் பணம் அவரவர் வீட்டுக்குப் போகிறது. உங்கள் பிள்ளைகளின் பணம் ஒரே பொருளுக்குப் போகிறது. பிரித்துக்கொள்ளப் போவதில்லை என்னும்போது பங்கு எதற்கு என்று அவனிடமே கேளுங்கள். அப்படியும் அவன் உழைப்பு தனியாகத் தெரிய வேண்டும் என்றால், மெஷின் வாங்கிய பிறகு மிஞ்சுகிற தொகைக்கு மட்டும் வேலை செய்த நாள் கணக்குப் பார்க்கலாம்.

இன்னொன்று. வியாபாரியின் தராசில் போடுவதற்கு முன் வீட்டில் ஒருமுறை எடை போட்டு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் கொண்டுவரும் மூட்டை என்றால் சிலருக்குக் கை கொஞ்சம் தளரும்.

கரிசல்மண் எழுதியது:

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் நாங்கள் நான்கு பேர், இரண்டு அக்காமார், ஒரு அண்ணன், நான். சேர்ந்து வாங்கியது ஒரு தையல் மெஷின்.

பருத்தி வெடிக்கும் காலத்தில் காட்டுக்குப் போனால் எடுத்த பருத்தியில் பிள்ளைகளுக்கென்று மடியளவு கொடுப்பார்கள். அதை ஊர்க் கடையில் கொண்டுபோய்க் கொட்டினால் கடைக்காரர் கையால் எடை பார்த்துச் சேவோ மிட்டாயோ பொட்டலம் கட்டுவார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் தின்று தீர்த்தோம். எங்கள் பெரிய அக்காதான் ஒரு வருடம், "இந்த வருடம் யாரும் கடைக்குப் போகக் கூடாது" என்று தடை போட்டாள். நால்வர் மடிப் பருத்தியும் குதிருக்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் விழுந்தது. கடைசி எடுப்பு முடிந்து, செடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொட்டுப் பருத்தியையும் காட்டுக்காரரிடம் கேட்டுப் பொறுக்கினோம். தூசியும் சருகும் கலந்த பருத்தி அது. அக்கா விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து சருகை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பாள். சருகு இருந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வெள்ளாமைக்குப் பிறகு, பழைய மெஷின் ஒன்று வந்தது. கால் மிதி வைத்தது. ஊரில் பாவாடை, ஜாக்கெட், தலையணை உறை எல்லாம் எங்கள் திண்ணைக்கு வந்தன. வீட்டுக்கு உப்பு, புளி செலவு அந்த மெஷினிலிருந்து நடந்தது.

பிறகு அக்காவுக்குக் கல்யாணம். சீர் வரிசையில் மெஷினையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அப்பாவிடம் அப்போது வேறு சீர் வைக்க வழியில்லை, அது எனக்கு இன்று புரிகிறது. அன்று சின்ன அக்கா அழுதது மெஷினுக்காகத்தான், பெரியவளைப் பிரிவதற்காக அல்ல. அவளும் அதில் தைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் மூவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகவே, காங்கேயத்துச் சகோதரிக்கு நான் சொல்வது இதுதான். வாங்குவதற்கு முன்பே அந்தப் பொருள் யாருடையது, யார் கேட்டால் எடுக்கலாம், யாரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதைப் பெரியவர்கள் வாயால் பிள்ளைகள் முன்னால் சொல்லிவிடுங்கள்.

செவ்வந்தி எழுதியது:

எல்லாரும் மகிழ்ச்சியாக எழுதுகிறீர்கள். மன்னிக்கவும், எனக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

நான் பருத்தி விதைப் பண்ணையில் வேலை பார்த்தவள். வீரிய ஒட்டு விதைக்காக மாலையில் மொட்டைப் பிரித்து ஆண் பாகத்தைக் கிள்ளி எடுக்க வேண்டும், மறுநாள் காலையில் வேறு செடியின் பூவைக் கொண்டுவந்து அதில் தடவ வேண்டும். சின்ன விரல்தான் வேண்டும் என்று பெண் பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பார்கள். மருந்து அடித்த மறுநாளே காட்டில் இறக்கிவிடுவார்கள். என் தங்கையும் நானும் போனோம். எங்கள் கூலியில் வீட்டுக்குப் பித்தளை அண்டா வந்தது, கட்டில் வந்தது. ஊரில் கேட்டால் "பிள்ளைகள் சேர்ந்து சம்பாதித்து வாங்கியது" என்று பெருமையாகத்தான் சொல்வார்கள். அந்தக் கூலி ஒரு நாளும் எங்கள் கைக்கு வந்ததில்லை. முன்பணமாக அப்பாவுக்குப் போய்விட்டது. எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2016 திருத்தத்தில் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றார்கள். ஆனால் பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்ப வேலையில் உதவலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தார்கள். அந்த வாசல் வழியாக எத்தனை பிள்ளைகள் உள்ளே தள்ளப்படுகிறார்கள் என்பது கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளைச் சொல்லவில்லை அக்கா. ஆனால் "சேர்ந்து உழைத்துச் சேமித்தோம்" என்று யார் எழுதினாலும் நான் மூன்றைக் கேட்பேன். முடிவு யாருடையது? பணம் யார் கையில்? வேண்டாம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா?

காங்கேயத்துக்காரி எழுதியது:

செவ்வந்தி, நீங்கள் மன்னிப்புக் கேட்கவே கூடாது. இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் உங்கள் பதிவைத்தான் அண்ணிமாரிடம் படித்துக் காட்டினேன்.

எங்கள் பிள்ளைகள் அடுத்தவர் காட்டுக்குக் கூலிக்குப் போவதில்லை. மருந்தடித்த பாத்திப் பக்கம் போகக் கூடாது, கிணற்று மேட்டில் ஏறக் கூடாது, மரத்தில் ஏறாமல் கீழே நின்றே துறட்டி போட வேண்டும் என்பன வீட்டுச் சட்டம். பரீட்சை மாதத்தில் நோட்டு மூடிவிடும். நடுவில் ஒரு வாரம் நால்வரும் சலித்துப்போய்ப் போகவே இல்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. உங்கள் மூன்று கேள்விகளில் முதலுக்கும் மூன்றாவதுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. இரண்டாவதில்தான் பெரிய அண்ணன் எங்களை மாட்டிவிட்டிருக்கிறார்.

நன்செய் எழுதியது:

பெரிய அண்ணனைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் நாங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் களத்துமேட்டில் சிந்திய நெல்லைக் கூட்டிச் சேர்த்து, அதை விற்ற காசில் பிரஷர் குக்கர் வாங்கத் திட்டம் போட்டோம். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்காமல் தள்ளிப்போட்ட வருடம் ஒன்று வந்தது. குறுவை போயிற்று. சம்பாவுக்கு விதை வாங்கக் கையில் காசில்லாமல் அப்பா எங்கள் உண்டியலை உடைத்தார். அம்மா தடுக்கவில்லை. நான் கோபப்பட்டேன், ஆனால் அந்த விதைதான் அந்த வருடம் எங்களுக்குச் சோறு போட்டது.

அறுவடை முடிந்ததும் அப்பா எடுத்ததற்கு மேல் கொஞ்சம் சேர்த்தே வைத்தார். குக்கர் வந்தது. நிலத்தை நம்பி வாழும் வீட்டில் இது பிள்ளைகள் பணம், இது பெரியவர்கள் பணம் என்று வேலி போட முடியுமா?

கரிசல்மண் எழுதியது:

நன்செய் ஐயா, உங்கள் தந்தையார் திருப்பி வைத்தார். வைக்காத தந்தைமார் எத்தனை பேர்? வேலி வேண்டாம், சரி. எடுத்த அன்றைக்கே நோட்டில் "பெரியப்பா, பிண்ணாக்குக்கு, இத்தனை ரூபாய்" என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அவசரத்துக்குப் பிள்ளைகள் கடன் கொடுத்தார்கள் என்றால் அது அவர்களுக்கும் பெருமைதான். கேட்காமல் எடுத்தால் அடுத்த மாதம் வேப்பங்கொட்டை பொறுக்க எவன் விடியலில் எழுந்திருப்பான்?

செம்மண் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் வலிகாமம் எங்கள் இடம். சிவப்பு மண், வெங்காயம், மிளகாய், புகையிலை. பள்ளி விட்டு வந்ததும் அப்புவோடு தோட்டத்தில் வெங்காயம் பிடிகட்டுவோம். பிடிக்கு இவ்வளவு என்று அப்பு எங்களுக்கும் கணக்குப் பார்த்துக் காசு தருவார். ஆச்சி வைத்திருந்த மண்முட்டியில் போட்டோம். வாங்கியது ஒரு ரேடியோ.

தொண்ணூறுகளில் போரினால் பொருளாதாரத் தடை இருந்த காலம். மின்சாரம் இல்லை, பேட்டரிகளும் தடைப் பட்டியலில் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு மின்சாரம் எடுப்போம். செய்தி நேரத்தில் அயல் வீட்டார் எல்லாரும் எங்கள் முற்றத்தில். யார் சுற்றுவது என்று எங்களுக்குள் முறை இருந்தது. அப்பு ஒரு விதி வைத்தார். பிள்ளைகள் வாங்கியது ஆகையால் செய்தி முடிந்து பத்து நிமிடம் பாட்டு பிள்ளைகளுக்கு, அதற்குப் பெரியவர்கள்தான் சுற்ற வேண்டும். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் எங்களுக்காகப் பெடல் சுற்றியிருக்கிறார்கள்.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது ரேடியோவை அக்கா உடுப்புப் பைக்குள் வைத்துத் தூக்கி வந்தாள்.

தருமபுரி ஆசிரியர் எழுதியது:

2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது எங்கள் பகுதியில் பிள்ளைகள் கூட்டாக வாங்கிய பொருள் ஸ்மார்ட்போன். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, ஆனாலும் ஆசிரியர்கள் அனுப்பும் வீட்டுப்பாடமெல்லாம் வாட்ஸ்ஆப்பில். என் வகுப்பில் அக்கா, தம்பி, சித்தப்பா பிள்ளைகள் என்று ஐந்து பேர் சாமந்திப் பூப் பறித்து ஒரு போன் வாங்கினார்கள். சுவரில் நேர அட்டவணை எழுதி ஒட்டியிருந்தார்கள். பத்தாம் வகுப்புக்காரிக்கு முதல் உரிமை. கேட்டவர்கள் எல்லாரும் பாராட்டினோம்.

பள்ளி திறந்தபோது ஐவரில் நால்வர் வந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் வரவில்லை. கையில் காசு பார்த்த ருசியில் பூ மண்டிக்கே வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்கு நடந்து நடந்து பேசினோம். ஆகவே செவ்வந்தி அவர்கள் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பொருள் வாங்கி முடிந்ததும் வேலையும் முடிய வேண்டும். அடுத்த பொருள், அதற்கடுத்த பொருள் என்று நீளவிடாதீர்கள்.

பணத்தைத் தூக்குவாளியில் வைப்பதைவிடக் கணக்கில் போடலாம். முன்பு பள்ளிகளிலேயே சஞ்சயிகா என்று மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்தது, நாங்கள் நாலணா, எட்டணா கட்டி அட்டையில் எழுதி வாங்கியிருக்கிறோம். இப்போது பத்து வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகத்தில் தானே கையெழுத்திட்டுச் சேமிப்புக் கணக்கை நடத்தலாம். வங்கிகளிலும் அவ்வாறு நடத்த ரிசர்வ் வங்கி 2014இல் வழி செய்தது. மூத்தவன் பெயரில் மட்டும் போடாமல், அவன் தங்கைக்குப் பத்து வயது நிறைந்திருந்தால் அவள் பெயரில் போடுங்கள் என்பது என் யோசனை. பிண்ணாக்குக்கும் அவ்வளவு சுலபமாக எடுக்க முடியாது.

செவ்வந்தி எழுதியது:

ஆசிரியர் ஐயா, நன்றி. வீடு தேடிப் போய்ப் பேசிய ஆசிரியர் ஒருவர் எனக்கு வாய்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காங்கேயத்து அக்காவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். மெஷின் வர இன்னும் மாதங்கள் ஆகுமே, அதுவரை அந்த ஈர வேட்டியை யார் பிழிவது? துறட்டி பிடித்து மரத்தை உலுக்கும் கை வேட்டியைப் பிழியாதா? மெஷின் வந்த பிறகும் துணியைப் போடுவது, எடுப்பது, உலர்த்துவது, மடிப்பது எல்லாம் இருக்கிறது. பொருள் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று ஆண்கள் எல்லாரும் எழுந்து போய்விட்டால், அம்மாவின் மணிக்கட்டுக்கு வேண்டுமானால் ஓய்வு கிடைக்கும், அம்மாவுக்குக் கிடைக்காது.

கிரைண்டர் வந்தபோதும் இதுதான் நடந்தது. 2011க்குப் பிறகு அரசாங்கமே மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது, நல்ல காரியம், ஆட்டுக்கல்லில் தோள் தேய்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் மாவரைப்பது பெண்கள் வேலை என்பது மட்டும் மாறவில்லை.

மோட்டார்க்காரன் எழுதியது:

நான் தண்ணீர் மோட்டார், மெஷின் எல்லாம் பழுது பார்ப்பவன். வாங்குவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். அந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியென்றால் மெஷினுக்குள்ளும் படியும். வடிகட்டி வைக்கலாம், மாதம் ஒருமுறை உப்பு நீக்கும் பொடி போட்டு ஓட்டலாம்.

தொட்டி உயரம் குறைவு என்றால் முழுத் தானியங்கி மெஷினுக்குத் தண்ணீர் அழுத்தம் போதாது, நடுவில் நின்று நின்று போகும். பாதித் தானியங்கி விலையும் குறைவு, குடத்தால்கூட ஊற்றிக்கொள்ளலாம், கரண்டு போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் துவைத்த துணியைத் தூக்கிப் பக்கத்தில் பிழிகிற குழியில் போட வேண்டும். ஈரப் போர்வை கனக்கும். வீங்கிய மணிக்கட்டுக்கு அது ஆகாது. அப்பத்தா மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் தொட்டியை உயர்த்திவிட்டு முழுத் தானியங்கி வாங்குங்கள். வேறு கை உதவிக்கு இருக்கும் என்றால் பாதித் தானியங்கி போதும். சோப்பு நீரை வாய்க்கால் வெட்டித் தென்னைக்கு விடலாம், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

காங்கேயத்துக்காரி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தோட்டத்தில் கூடினோம். நோட்டையும் தூக்குவாளியையும் நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். கடைக்குட்டிதான் எண்ணினான். பெரிய அண்ணன் எடுத்த தொகையை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த பால் பணம் வரும்போது தருவதாகத் தேதியும் எழுதச் சொன்னது அவர் மகள். எழுதினார்.

சின்ன அண்ணனின் தவணை யோசனையைப் பிள்ளைகள் ஏற்கவில்லை. பாதிப் பணம் அவர்கள் சேர்த்த பிறகு மீதியைப் பெரியவர்கள் போடலாம் என்று அவர்களே சொன்னார்கள். மெஷின் அப்பத்தா வீட்டில்தான் இருக்கும், யார் கல்யாணத்துக்கும் யார் பாகப்பிரிவினைக்கும் நகராது என்று அண்ணன்மார் இருவரும் பிள்ளைகள் முன்னால் சொன்னார்கள். கரிசல்மண் அண்ணா, உங்கள் சின்ன அக்காவை நினைத்துக்கொண்டேன்.

மூத்தவன் பங்குக் கேள்வியை விடவில்லை. மிஞ்சும் பணத்துக்கு நாள் கணக்கு என்ற யோசனைக்கு அரை மனதாகத் தலையாட்டியிருக்கிறான். துணி விஷயத்தில் அவனுக்கு முகம் சுருங்கியது. இருந்தாலும் இந்த வாரத்திலிருந்து அவனவன் துணியை அவனவன் துவைப்பது, அப்பாவின் வேட்டியை இரண்டு பையன்களும் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவது என்று வைத்திருக்கிறோம். அண்ணன்மார் இருவருக்கும் இது பொருந்தும் என்று அண்ணிமார் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே பாதித் தானியங்கி போதும்.

இப்போது வெள்வேலங்காய் நான்கு மூட்டை கட்டாமல் கிடக்கிறது. மழை மேகம் வேறு. உடனே விற்பதா, வைத்திருந்து விற்பதா?

கணக்கப்பிள்ளை எழுதியது:

வைத்திருங்கள். பசுமை குறைந்த மாதங்களில் ஆட்டுக்காரர்களே தேடி வருவார்கள். மூட்டை கட்டும் முன் இரண்டு வெயில் நன்றாகக் காயட்டும். காயை ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூசணம் பிடித்து ஆடு முகர்ந்துகூடப் பார்க்காது. தரையில் வைக்காமல் கட்டை போட்டு அதன்மேல் அடுக்குங்கள், எலி வராமல் கோழிக்கூட்டுப் பக்கம் வேண்டாம். எடையை இன்றே நோட்டில் எழுதிவிடச் சொல்லுங்கள். காய்ந்தபின் குறையும், அப்போது யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.